கல்லறைக் கல்லில் ஒரு காலி வரி

அப்பா இறந்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நானும் என் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. சொத்துத் தகராறு என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். பிரிப்பதற்கு என்ன சொத்து இருந்தது? அப்பா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அவர் விட்டுப்போனது ஒரு விசில், ஒரு கைக்கடிகாரம், ரெண்டு ஜோடி காக்கி உடுப்பு. எங்கள் சண்டை, சாகும்போது அவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதைப் பற்றியது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. இப்போது நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அப்போது வெள்ளிமலையில் பள்ளிக்கூட டீச்சர். வாரம் முழுக்க மலையில் இருப்பேன், சனிக்கிழமை கீழே இறங்குவேன். மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டும். வேலையில் சேர்ந்த அன்றைக்கே வாந்தி எடுத்தேன், அதற்குப் பிறகும் ஒரு வாரம்கூடக் குறை வைக்கவில்லை. என் தலையைக் கண்டதும் கண்டக்டர் ஜன்னலோரம் இருப்பவரை எழுப்பிவிடுவார். மலை வண்டி ஸ்டாண்டுக்குள் நுழையும்போது அப்பா டைம் ஆபீசிலிருந்து இறங்கி வந்து நிற்பார். கையில் ஒரு எலுமிச்சம்பழமோ சோடாவோ இருக்கும். "எத்தினி தடவை?" என்பார். நான் விரலைக் காட்டுவேன். "மூணா? பரவால்ல, போன வாரத்துக்குக் கம்மிதான்" என்று அதற்கும் ஒரு சந்தோஷப்படுவார்.

அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதியை ஒரு ஜீப் டிரைவர் வந்து சொன்னார். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த நாள் வண்டி ஓடும், எந்த நாள் மறியலுக்கு ரோட்டில் மரத்தை அறுத்துப் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அடித்துப் பிடித்துப் பஸ் ஏறினேன். மலையிறங்கி, கச்சிராயபாளையம் தாண்டினதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம். வண்டி அவ்வளவுதான். அழுதுகொண்டே நடக்க ஆரம்பித்தேன். மரத்தின் மேல் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர், "இன்னா டீச்சர், எங்க போறீங்க?" என்று கேட்டார். அவர் பிள்ளை என்னிடம்தான் படித்தான். விஷயத்தைச் சொன்னதும் ரம்பத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தார். வழியில் இன்னும் நாலு மரம். ஒவ்வொன்றுக்கும் சைக்கிளைத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, "ஏறுங்க டீச்சர்" என்றார். மரத்தை அறுத்துப் போட்டவரும் அவர், என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர். நான் யாரைத் திட்டுவது?

ஆஸ்பத்திரிக்குப் போனபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அண்ணன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ பெஞ்சில் இடம் விட்டார்கள், யாரோ கையில் ஒரு சோடாவைக் கொடுத்தார்கள், குடித்தேன். இழவு என்றால் யாராவது எதையாவது கொடுப்பார்கள், நாமும் வாங்கிக் குடிப்போம்.

அண்ணனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

"இல்ல" என்றான்.

அண்ணன் சர்க்கரை ஆலையில் எடை மேடை குமாஸ்தா. கரும்பு வண்டியை நிறுத்தி எடை சொல்லிச் சொல்லி, வாயில் ஒரு கிலோ கூடவும் வராது, குறையவும் வராது. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். இவனுக்கு அது தெரியவில்லை. மத்தியானம், ஆண்கள் வார்டு என்று நர்ஸ் தன்னை வெளியே அனுப்பும் முன்னால், 'மலை வண்டி வந்துட்ச்சா?' என்று அப்பா கேட்டதாக அம்மா சொன்னாள். அண்ணன் அதையும் விடவில்லை. "அது மத்தியானம். அப்பறம் சாயந்திரம் வரைக்கும் ஒண்ணும் பேசல. கடைசியா என் கையப் புடிச்சிக்கினு 'முடிஞ்சிட்ச்சு'ன்னாரு. அவ்ளோதான்."

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அட்டை அச்சடித்தான். அப்பாவின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'முடிந்தது'. சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்னதாக வேதத்தில் வரும் அதே வார்த்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்மப்பா இன்னா ஏசுவா? டைம் கீப்பர்யா அவரு. டூட்டி முடிஞ்சிட்ச்சுன்னு சொல்லியிருப்பாரு, அதைப் போயி வசனம் ஆக்கிட்டியே."

"நான் பக்கத்துல இருந்தேன். நீ இல்ல."

அந்த 'நீ இல்ல'வைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். சனி ஞாயிறு ஒரே வூட்டில், ஒரே கூடத்தில் சாப்பிடுவோம். "அம்மா, அந்த ஆளைக் குழம்பு ஊத்திக்கச் சொல்லு" என்பேன். "அம்மா, ஊத்திக்கினேன்னு சொல்லு" என்பான். நடுவில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "அவருதான் பாக்கியவான், போய்ச் சேந்துட்டாரு" என்று தன் தட்டைப் பார்த்துச் சொல்வாள்.

மறு வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு ஆனது. எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கு முன்னால் கல்லறைகளைச் சுத்தம் செய்து வெள்ளையடிப்பார்கள். ஈஸ்டர் விடியற்காலையில் மெழுகுவர்த்தியோடு அங்கே கூடுவோம். கல் வெட்டுகிறவரிடம் அண்ணன் எழுதிக் கொடுத்த தாளில் கடைசி வரி, 'முடிந்தது'. நான் போய் அந்த வரியை அடித்துவிட்டு 'மலை வண்டி வந்துவிட்டதா' என்று எழுதினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசிக்கினு வாங்கம்மா. கல்லுல வெட்டினா அழிக்க முடியாது" என்று சொல்லி, அந்த வரியை மட்டும் காலியாக விட்டுவிட்டார்.

பெரிய வெள்ளிக்கு எங்கள் சபையில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் தொங்கிக்கொண்டு இயேசு பேசியது ஏழு வார்த்தை. வார்த்தைக்கு ஒருத்தராக ஏழு பேர் பிரசங்கம் செய்ய வேண்டும். யாருக்கு எது என்று அதற்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு அன்றைக்கே காணிக்கைப் பையில் சீட்டுப் போட்டு எடுப்போம். எல்லாருக்கும் ஐந்தாவது வார்த்தை மேல்தான் கண். 'தாகமாயிருக்கிறேன்' என்பது அந்த வார்த்தை. அந்த வெயிலில் அதற்கு விளக்கமே வேண்டாம், பத்து நிமிஷத்தில் முடித்து உட்காரலாம். அந்த வருஷம் அது அண்ணன் கைக்குப் போனது. நான் என் சீட்டைப் பிரித்தேன். ஆறு. 'முடிந்தது.' பக்கத்தில் எட்டிப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளி வந்தது, மறியலும் கூடவே வந்தது. காலையில் திருநாவலூரில் ஒரு வூட்டு ஜெபத்துக்குப் போன போதகர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மணலூர்பேட்டையிலிருந்து பிரசங்கத்துக்கு வர வேண்டிய ஐந்து பேரும் வரவில்லை. பதினொன்றே முக்காலுக்குச் சபைச் செயலர் கையைப் பிசைந்துகொண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். "ஏழு வார்த்தை. நீங்க ரெண்டு பேருதான் இருக்கீங்க. மாத்தி மாத்தி சொல்லிடுங்க. ஒத்தப்படை அண்ணனுக்கு, ரெட்டப்படை தங்கச்சிக்கு. பாட்டையும் ஜெபத்தையும் நான் பாத்துக்கறேன்." நாங்கள் ரெண்டு பேரும் சரி என்று அவரிடம்தான் சொன்னோம்.

முதல் வார்த்தை, தன்னைக் கொல்கிறவர்களை மன்னிக்கச் சொன்னது. அண்ணன் அதை எடை போட்ட மாதிரி சொல்லி முடித்தான். மன்னிப்பதைப் பற்றி ஜாஸ்தி விரிக்கவில்லை. ரெண்டாவது, பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்வனுக்கு இடம் கொடுத்தது. நான் ஏறினேன். நல்ல பிள்ளையாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"இந்தச் சாவைப் பத்தி வேதத்துல நாலு பேர் எழுதியிருக்காங்க. ரெண்டு பேர், கள்வனுங்க ரெண்டு பேருமே ஏசுவைத் திட்டினாங்கன்னு எழுதறாங்க. ஒருத்தர் மட்டும்தான், அதுல ஒருத்தன் மனம் திரும்பினான்னு எழுதறாரு. மத்தவங்க எழுதலன்றதால அது நடக்கலன்னு ஆயிடுமா? ஒருத்தர் காதுல விழாதது இன்னொருத்தர் காதுல விழுந்திருக்கும்."

முன் வரிசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது, தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தது. அண்ணன் தொண்டையைச் செருமினான். "இதை நாலு பேர்ல ஒருத்தர்தான் எழுதியிருக்காரு. ஏன்? அவருதான் சிலுவைக்குக் கீழ நின்னவரு. பக்கத்துல நின்னவனுக்குத்தான் தெரியும். தூரமா நின்னு பாத்தவங்க, அப்பறமா வந்து விசாரிச்சவங்க, இவங்களுக்கெல்லாம் எப்பிடித் தெரியும்?"

சபை முழுக்கத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் அடுத்தது நாலாவது வார்த்தை. என்னை ஏன் கைவிட்டீர் என்று தேவனைப் பார்த்து அவர் கதறினது. வேகமாக ஏறினேன்.

"அவரு கதறினப்போ பக்கத்துல நின்னுக்கினு இருந்தவங்க இன்னா சொன்னாங்க? பழைய தீர்க்கதரிசி ஒருத்தரைக் கூப்புடறாருன்னு சொன்னாங்க. வேதத்துலயே இருக்கு, எடுத்துப் பாருங்க. பக்கத்துல நின்னாங்க, காதால கேட்டாங்க, தப்பாப் புரிஞ்சிக்கினாங்க. பக்கத்துல நின்னுட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

பின் வரிசையில் யாரோ 'ஆமென்' என்றார்கள். துக்க நாளில் சிரிக்கக் கூடாது என்று பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள். செயலர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார், ஐந்து சரணத்தையும் விடாமல் பாட வைத்தார்.

ஐந்தாவது. அண்ணன் ஏறி நின்றான். பதில் வைத்திருப்பான், எனக்குத் தெரியும். நானும் அடுத்ததற்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"தாகமா இருக்குன்னாரு" என்றான். "ஒருத்தன் கடல்பஞ்சைப் புளிச்ச காடியில நனைச்சு, கோல்ல மாட்டி அவரு வாய்கிட்ட நீட்டினான். எங்கப்பாவும் அன்னிக்குப் பேச முடியாம, வாயைக் காட்டித் தண்ணி கேட்டாரு. குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் பஞ்சை நனைச்சு உதட்டுல வெச்சேன். திரும்பத் திரும்ப வெச்சேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியல." அவ்வளவுதான். இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டான்.

இதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்கே தெரியாது. ஒரு வருஷமாக நான் அவனை வாய்க்கு வந்தபடி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது ஏதோ அவனுக்கு அடித்த யோகம் என்று பொறாமைப்பட்டேன். அவன் தனியாக அங்கே என்ன பாடுபட்டிருப்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஆறாவதுக்கு ஏறினேன். எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை.

"முடிந்ததுன்றது ஒருத்தர் எழுதின கடைசி வார்த்தை. இன்னொருத்தர் எழுதினதுல, தன் உயிரைப் பிதா கையில ஒப்படைச்சதுதான் கடைசி. மத்த ரெண்டு பேரும், அவரு பெருசா சத்தம் போட்டு உயிரை விட்டாருன்னு எழுதி நிறுத்திட்டாங்க. நாலும் ஒரே புஸ்தகத்துலதான் பக்கத்துல பக்கத்துல இருக்கு. எங்கப்பா முடிஞ்சிட்ச்சுன்னு சொன்னதா எங்கண்ணன் சொல்றாரு. சொல்லியிருப்பாரு. எங்கண்ணனுக்குப் பொய் வராது. என் சண்டை அது இல்ல. நான் வந்து சேரல. வழியில மரம். அவரு என்னைத் தேடினாரா இல்லியான்னு தெரியாம என்னால இருக்க முடியல. அதுக்குத்தான் இவ்ளோ நாளா எங்கண்ணனைப் போட்டுப் பாடாப் படுத்தினேன்."

இறங்கிவிட்டேன். ஏழாவதை அண்ணன் ரெண்டு வாக்கியத்தில் சொன்னான். மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தது.

ஒன்று மறந்துவிட்டோம். பெரிய வெள்ளிக்கு வருஷா வருஷம் கோயில் வாசல் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம். அந்த வருஷமும் கட்டியிருந்தது. மற்ற நாளில் பஸ் சத்தத்திலும் கடைச் சத்தத்திலும் யார் காதிலும் ஒன்றும் விழாது. அன்றைக்கு மறியல், ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. கடையை மூடிவிட்டு வாசல் பலகையில் உட்கார்ந்திருந்த தெரு மொத்தமும் எங்கள் சண்டையை மூன்று மணி நேரம் கேட்டிருக்கிறது. கோயிலை விட்டு வெளியே வந்தால் எதிர்வரிசையில் எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

எதிரே புதிதாக மளிகைக்கடை வைத்திருந்த பாய் மட்டும் எழுந்து, ரோட்டைத் தாண்டி வந்தார். அதுவரை அவரோடு நான் பேசினதில்லை.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. காதுல விழுந்துட்ச்சு. அன்னிக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்தது எங்க மாமா. நான்தான் தொணைக்கு இருந்தேன்." அண்ணனைப் பார்த்தார். "உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அப்பா முடிஞ்சிட்ச்சுன்னு சொன்னதும் நீங்க டாக்டரைக் கூப்புட ஓடினீங்க."

"ஆமா, ஓடினேன்" என்றான் அண்ணன்.

"நீங்க போனதும் அவரு கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தாரு. 'பாய், மலை வண்டியில எம்பொண்ணு வரும். வாந்தி எடுத்துக்கினு வரும். வந்தா ஒரு சோடா வாங்கிக் குடுத்துடு'ன்னாரு. நான் சரின்னேன். அப்பறம் பேசல. நீங்க டாக்டரோட வந்தீங்க."

நான் அங்கேயே நின்று அழ ஆரம்பித்தேன். பாய் பயந்துவிட்டார். தான் ஏதோ கடன் வைத்துவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, "வாங்கிக் குடுத்தேனேம்மா?" என்றார். "நீங்கதானே குடிச்சீங்க? அழுதுக்கினே குடிச்சீங்க. காலி பாட்டிலைக் கொண்டுபோயி நான்தானே கடையில திருப்பிக் குடுத்தேன்."

குடித்தேன். யாரோ கொடுத்தார்கள், குடித்தேன். அப்பா கடைசியாகச் சொன்னது என் கைக்கே வந்திருக்கிறது, நான் யார் என்ன என்றுகூடக் கேட்காமல் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மலையிறங்கும்போது நாலு தடவை. அவர் கேட்டிருந்தால் விரலைக் காட்டியிருப்பேன்.

"ஏன் பாய் இத்தினி நாளா சொல்லல?" என்று அம்மா கேட்டாள்.

"சொன்ன வேலையைச் செஞ்சிட்டேன். நீங்க இதைத் தேடிக்கினு இருக்கீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? இன்னிக்கு ஸ்பீக்கர்ல சொல்லவேதான் தெரிஞ்சிது."

அண்ணன் முகம் சுருங்கிப்போய் நின்றான். "நான் அந்த நேரம் பாத்து வெளிய போயிட்டனே" என்றான், என்னைப் பார்த்து. ஒரு வருஷத்துக்கு மேலாக என்னைப் பார்த்து அவன் பேசின முதல் பேச்சு.

"டாக்டரைக் கூப்புடத்தானே போன. போவாம உக்காந்துக்கினு இருந்தா மட்டும் நான் சும்மா வுட்டிருப்பனா?" என்றேன்.

"வுட்டிருக்க மாட்ட" என்றான். அப்படியே எடை போட்டுச் சொன்னான். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனிமே குழம்பை நீங்களே கேட்டு ஊத்திக்குங்க" என்றாள்.

கல்லில் என்ன வெட்டுவது என்று மறுநாள் ரெண்டு பேருமாகப் போய் நின்றோம். முடிந்தது என்பதை நீயே போட்டுக்கொள் என்றேன் நான். வேண்டாம், அது கடைசி இல்லை என்றான் அவன். சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னதைக் கல்லில் வெட்ட ரெண்டு பேருக்குமே மனசு வரவில்லை. கல் வெட்டுகிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த வரி இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. ஈஸ்டருக்கு வருகிறவர்கள், காசு போதவில்லையா என்று கேட்பார்கள். ஆமாம் என்றுவிடுவோம்.

ஈஸ்டர் முடிந்து மலைக்குத் திரும்பினேன். அந்த வாரம் மறியல் இல்லை. சனிக்கிழமை எப்போதும்போல ஜன்னலோரம், எப்போதும்போல வளைவுகள். வண்டி ஸ்டாண்டுக்குள் நுழையும்போது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அப்பா போன பிறகு அந்த இடத்தை நான் பார்ப்பதில்லை. இறங்கினால், டைம் ஆபீசுக்குக் கீழே, ஆலை உடுப்போடு அண்ணன் நிற்கிறான். கையில் கோலி சோடா.

"எத்தினி தடவை?" என்றான்.

மூன்று விரலைக் காட்டினேன். அவன் கோலியை அமுக்கி, பாட்டிலை என் கையில் கொடுத்தான்.